கீழக்கரைச் சாலையில் ஒரு ரக்பி கடை: நான்கு நட்சத்திரம், ஐந்தாவது ஏன் இல்லை

சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தக் கடைக்கு டிவிக்காகப் போகிறவர்களைவிட இடியாப்பத்துக்காகப் போகிறவர்கள்தான் அதிகம். கீழக்கரையிலிருந்து ஏர்வாடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வீடுகள் முடிந்து சீமைக்கருவேலம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. நீலத் தகரக் கூரை, வாசலில் பரோட்டாக் கல், உள்சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு சிவப்புச் சட்டை. புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ கட்சிச் சட்டை என்று நினைப்பதுண்டு. வேல்ஸ் நாட்டு ரக்பி அணியின் சட்டை அது.

இடியாப்பம் மெல்லிய நூல், ஆறினாலும் விறைப்பதில்லை. தொட்டுக்கொள்ள மீன் ஆணம், அதாவது மீன் குழம்பு. தேங்காய்ப்பால் தாராளம், புளி அடக்கம். அன்றைக்குக் கரைக்கு வந்ததைப் பொறுத்து விளமீனோ பாறையோ கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்த இரண்டு மாதமும் துண்டு சிறுத்துவிடும், விலை மட்டும் சிறுக்காது. சனி, ஞாயிறு வட்டலாப்பம் உண்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற இனிப்பு. முட்டை வாடையே தெரியாமல் எப்படிச் செய்கிறார்கள் என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நம்பிச் சொல்ல முடியாத ஒரே பண்டம் கணவாய் வறுவல். கவனமாக இறக்கினால் இந்தக் கரையில் அதற்கு இணை கிடையாது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால் சட்டியிலேயே கிடந்து ரப்பராகிவிடும். ஆகவே கணவாயை ஆட்டத்துக்கு முன்னாலோ இடைவேளையிலோ சொல்லுங்கள்.

கடைக்காரரை எல்லோரும் காக்கா என்கிறார்கள், இந்தக் கரையில் அண்ணன் என்று பொருள், நானும் அப்படியே. வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நெடுங்காலம் நின்றவர். அங்கே ரக்பி மைதானம் ஊருக்கு வெளியே இல்லை. 1999இல் திறந்தது, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கடைத்தெருவை ஒட்டி நிற்கிறது. ஆட்டம் முடிந்தால் எழுபதாயிரம் பேர் பசியோடு தெருவில் இறங்குவார்கள். வெங்காயம் உரித்தபடியே அவர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு ஆட்டம் பழகினேன் என்பார். ஊர் திரும்பி இந்தக் கடையைப் போட்டதும் முதலில் வாங்கியது பரோட்டாக் கல், அடுத்தது டிவி.

நான் அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார், கபடிதான் எனக்குச் சோறு போடுகிறது. ரக்பியில் எனக்குப் பிடித்தது அந்தப் பிடி. ஓடி வருகிறவனின் தொடையில் தோளை வைத்து, இரண்டு கையாலும் கட்டி, கீழே இறக்குவது. தோளுக்கு மேலே கை போனால் தண்டனை. கையைக் கட்டாமல் தோளால் மட்டும் இடித்தாலும் தண்டனை. என் பையன்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்வதை இந்த டிவியில் ரீப்ளே போட்டுக் காட்டிவிடுகிறார்கள். ஆட்கள் குவியலாகப் பந்தின் மேல் விழுந்து கிடக்கும் அந்தப் பகுதி மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நடுவருக்கே பிடிபடுகிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

காக்காவின் மச்சான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வேலை பார்த்தவர், இங்கிலாந்து கட்சி. இருவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். ஆறு நாடுகள் ரக்பித் தொடர் நடக்கிற பிப்ரவரி, மார்ச் சனிக்கிழமைகளில் மட்டும் ஜென்மப் பகையாளிகள். அவர்களுக்கு நடுவராக ஒரு பெரியவர் உண்டு. மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கிய கண்டிக்காரர், அப்புறம் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். கண்டி ஐயா என்று கூப்பிடுவோம். கண்டியில் ட்ரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945இலிருந்து நடக்கும் பிராட்பி கேடய ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்தவர். ரக்பி என்று சொல்லமாட்டார், ரகர் என்பார். கடையில் விதிமுறை முழுதாகத் தெரிந்த ஒரே ஆள். யார் கட்சி என்று கேட்டால், "எனக்கு ட்ரினிட்டிதான்" என்று முடித்துவிடுவார்.

2025 பிப்ரவரி 22 இரவுதான் இந்தக் கடை என்னவென்று எனக்கு முழுசாகப் புரிந்தது. லண்டனில் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து, நம் நேரத்துக்கு இரவு பத்தேகால். கல்கத்தா கோப்பைக்கான ஆட்டம். பெயரைக் கேட்டு நம்மூர்ப் போட்டி என்று நினைக்க வேண்டாம், ஆனாலும் வெள்ளி நம்மூர் வெள்ளிதான். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் 1878இல் கலைந்தபோது, வங்கிக் கணக்கில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கிக் கோப்பை செய்து அனுப்பிவைத்தார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடியில் ஒரு யானை. 1879இலிருந்து இரண்டு நாடும் அதற்காக அடித்துக்கொள்கின்றன. 1988இல் இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் குடித்துவிட்டு எடின்பரோ தெருவில் அந்தக் கோப்பையையே பந்தாக்கி நசுக்கினார்கள். ரிச்சர்ட்ஸ் லெஸ்டர் ஆட்டக்காரர் என்பதால் மச்சான் இந்தக் கதையைப் பெருமையாகவே சொல்வார். "பகையாளிக ரெண்டு பேரும் சேந்து செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்" என்று காக்கா கல்லிலிருந்தபடி பதில் சொல்வார்.

அன்றைக்கு ஸ்காட்லாந்து மூன்று ட்ரை போட்டது, இங்கிலாந்து ஒன்றுதான். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை; அதற்கு ஐந்து புள்ளி, அதன்பின் உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் இரண்டு. ஸ்காட்லாந்தின் ஃபின் ரஸ்ஸல் மூன்று உதையையும் விட்டார், கடைசி உதை ஆட்டம் முடிகிற நேரத்தில். 16–15, இங்கிலாந்துக்கு. மச்சான் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். ஸ்காட்லாந்துக்குக் கீழக்கரையில் ஆள் கிடையாது. ஆனால் இங்கிலாந்துக்கு எதிராக யார் ஆடினாலும் காக்கா அவர்கள் பக்கம். வேல்ஸ்காரர்களிடம் கற்றது என்பார்.

ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டேன். தண்ணீரிலிருந்து ஆரம்பித்தார். லிவர்பூலுக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று வேல்ஸில் ட்ரைவெரின் பள்ளத்தாக்கை அணைகட்டி மூழ்கடித்தார்கள். கேப்பல் கெலின் என்ற கிராமம், கோயில், கல்லறை எல்லாம் 1965இல் தண்ணீருக்குள். அந்தச் சட்டத்துக்கு வேல்ஸின் எம்.பி.க்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை, ஆனாலும் சட்டம் நிறைவேறியது. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேல்ஸ் ஆனோம். அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கு "ராம்நாட்டுக்குத் தூக்கிப் போட்டுருவேன்" என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவன் இளக்காரம் பண்ணினால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஏச்சு எல்லாம் எல்லா ஊரிலும் செல்லாது என்பதையும் இங்கேதான் பார்த்தேன். இங்கிலாந்துக்காரர்கள் வேல்ஸ்காரர்களை மட்டம் தட்ட ஆட்டைச் சொல்வார்களாம், ஆட்டோடு வாழ்கிறவர்கள் என்று. மச்சான் அதை அப்படியே தூக்கி வந்து, "போடா, ஆடு மேய்க்கிறவன் டீமு" என்றார். கடையில் யாருக்கும் உறைக்கவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு கமுதிக்காரர், "எத்தனை உருப்படி வச்சிருப்பாங்க?" என்று மரியாதையோடு கேட்டார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு இருக்கிறது. "பந்து, நடுவர், ஸ்கோர்: எவ்வளவும் ஏசலாம். பிறப்பு, மதம், நாடு: ஏசினால் டீ கிடையாது." விளையாட்டுக்கு எழுதியது என்றுதான் முதலில் நினைத்தேன். காக்கா விளக்கியது இது: "மேட்ச் அன்னைக்கு வெல்ஷ்காரன் இங்கிலீஷ்காரனை ஏசுவான், அவன் இவனை ஏசுவான். சிரிச்சுக்கிட்டே ஒரே மேசையில உக்காந்து திம்பாங்க. பன்னெண்டு மணிக்கு மேல நான் பில்லு கொண்டுபோனா, ரெண்டு பேரும் ஒண்ணு சேந்து என்னைய ஏசுவாங்க. பாகிஸ்தானின்னு சுருக்கி ஒரு கெட்ட பேரு இருக்கு, அதைச் சொல்லி. அதே வாய்தான் வாத்தியாரே. கொஞ்ச நேரம் முன்னாடி பாட்டுப் பாடுன வாய்."

மறுநாள் ஞாயிறு, பிப்ரவரி 23. துபாயில் இந்தியா–பாகிஸ்தான், சாம்பியன்ஸ் டிராபி. கடைக்குள் இடமில்லாமல் சாலையோரம் வரை ஆட்கள். பாகிஸ்தான் 241, இந்தியா நாலு விக்கெட் இழந்து அடித்து முடித்தது, கோலி நூறு. நூறும் வெற்றியும் ஒரே பவுண்டரியில் வந்தன, பையன்கள் பரோட்டா மாவைக்கூட விடவில்லை, எடுத்து வீசினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், ராமேஸ்வரம் முடித்துத் திருச்செந்தூர் போகிற வேன் ஒன்று நின்று, ஏழெட்டுப் பேர் இறங்கி வட்டலாப்பம் கேட்டார்கள். அதில் ஒரு பையன், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது, தொப்பி போட்ட தலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே கேட்டான்: "இங்க எல்லாம் எந்த டீமுக்குக் கை தட்டுவீங்க?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. காக்கா கோபப்படவில்லை. வட்டலாப்பத்தை இலையில் வைத்து, டப்பாவில் மூடி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டினார். "காசு வேணாம் தம்பி. வேன்ல வச்சுச் சாப்பிடுங்க." வேனில் வந்த ஒரு பெரியவர் பையனின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார், போகிறபோது காக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. அந்தப் பையனைக் கோலியின் நூறு வரைக்கும் உட்கார வைத்திருக்க வேண்டும். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் மாவாக அவன் தலையிலேயே விழுந்திருக்கும். காக்காவிடம் சொன்னபோது, "நான் எதுக்கு வாத்தியாரே பரீட்சை எழுதணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இலங்கையோடு ஆட்டம் வந்தால் கடை வேறு மாதிரி. கீழக்கரையில் கொழும்பு வியாபாரம் இல்லாத குடும்பம் குறைவு. கிழக்கே போனால் பாம்பன், தங்கச்சிமடத்தில் படகைப் பறிகொடுக்காத தெரு குறைவு. படகு பிடிபட்ட வாரத்தில் ஆட்டம் வந்தால், விக்கெட் விழும்போது நேவியையும் சேர்த்து ஏசுவார்கள், சிலேட்டுக்கு அன்றைக்கு மரியாதை இராது. கண்டி ஐயா அந்த நாட்களில் ஓரப் பெஞ்சில் உட்காருவார். முரளிதரன் ஆடிய காலத்தில் மட்டும் தைரியமாக இலங்கைக்குக் கை தட்டினாராம். "நம்ம கண்டிப் பையன், நம்ம பேரு, யாரு கேப்பா?" 2023 நவம்பர் 2 அன்று மும்பையில் இலங்கை 55 ரன்னில் சுருண்டபோது பையன்கள் அவரைச் சீண்டினார்கள். அவர் 1996ஐ எடுத்துவிட்டார். உலகக் கோப்பை அரையிறுதி, ஈடன் கார்டன்ஸ். இந்தியா எட்டு விக்கெட் இழந்து 120இல் தடுமாறும்போது கூட்டம் பாட்டில் எறிந்து, நாற்காலிகளுக்குத் தீ வைத்து, கடைசியில் ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் இலங்கைக்கே வெற்றி என்று அறிவித்தாரே, அது. "அந்த ரகர் கோப்பைக்கு வெள்ளி குடுத்த ஊர்தானே அதுவும்" என்று சேர்த்துக்கொண்டார். அதற்குப்பின் அவருக்கு யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ரக்பி இரவுகளில் சத்தம் அதிகமாகவும் சண்டை குறைவாகவும் இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. வேல்ஸின் தோல்வியால் இங்கே யார் வலையும் அறுபடாது. கடன் வாங்கிய பகை, முதலும் இல்லை, வட்டியும் இல்லை.

2025 மார்ச் 15 இரவைச் சொல்லாமல் விட முடியாது. ரமலான் மாதம், தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து ஊரே விழித்திருக்கிற நேரம், கார்டிஃபில் வேல்ஸ்–இங்கிலாந்து. இங்கிலாந்து போடும் ஒவ்வொரு ட்ரைக்கும் ஒரு முட்டை பரோட்டா இலவசம் என்று மச்சானிடம் காக்கா பந்தயம் கட்டியிருந்தார். இங்கிலாந்து பத்து ட்ரை போட்டது. 68–14. ஆறாவது பரோட்டாவில் முட்டை தீர்ந்தது, எட்டாவதில் மாவு தீர்ந்தது. மச்சான் தின்றது இரண்டு, மீதியை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். வேல்ஸுக்கு அது தொடர்ந்து பதினேழாவது தோல்வி. ஜூலை 12 அன்று ஜப்பானில், கோபே நகரத்தில், 31–22 என்று ஒருவழியாக ஜெயித்தபோது காக்கா பெட்டியோடு தொதல் என்ற அல்வா வாங்கிவந்து சாலையில் போகிற லாரிகளை நிறுத்திக் கொடுத்தார். வாங்கிய டிரைவர்கள் ஏதோ விசேஷ வீடு என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

இனி, ஐந்தாவது நட்சத்திரம். கடையில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி அறை உண்டு. சுத்தமாக இருக்கிறது, காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் டிவி தெரியாது. நடுவே திரை. என் மகள் மாவட்டக் கபடி அணியில் ஆடுகிறவள், ஒரு பிடியைப் பார்த்தால் என்னைவிடத் தெளிவாகப் பிழை சொல்வாள். அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. இது சரியில்லை என்று காக்காவிடமே சொல்லிவிட்டேன்.

இந்தக் கடையில் நான் கேட்ட நல்ல கதை ஒன்றும் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. டப்ளினில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், விடுமுறையில் வந்திருந்தவர். பகை பகை என்று இந்தப் பக்கம் நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்தே பேச ஆரம்பித்தார். டப்ளினில் க்ரோக் பார்க் என்ற மைதானம். 1920 நவம்பர் 21 அன்று, ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் பிரிட்டிஷ் படை சுட்டதில் பதினான்கு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தவர். அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களுக்கான மைதானம் அது, ரக்பிக்கு இடமே கிடையாது. ஊரில் இருந்த ரக்பி மைதானத்தை இடித்துக் கட்டுகிற காலத்தில்தான் இதை ரக்பிக்குத் திறந்துவிட்டார்கள். 2007 பிப்ரவரி 24, இங்கிலாந்து அணி அங்கே வந்து நின்றது. இங்கிலாந்தின் ராணி வாழ்த்துப் பாட்டு ஒலிக்கும்போது கூட்டம் என்ன செய்யுமோ என்று நாடே பயந்தது. ஒருவரும் கூச்சல் போடவில்லை, பாட்டு முடியும்வரை நின்றார்கள். அப்புறம் அயர்லாந்து 43–13 என்று இங்கிலாந்தைப் பிரித்து மேய்ந்தது. "எங்க வார்டுல ஒரு தாத்தா ஸ்கோரைச் சொல்லும்போது சிரிப்பாரு, பாட்டைச் சொல்லும்போது அழுதுருவாரு" என்றார். அயர்லாந்து ரக்பி அணியில் வடக்கும் தெற்கும் ஒன்றாகவே ஆடுகின்றன, இரண்டு நாடு ஒரே அணி என்றும் அவர் சொல்லித்தான் தெரியும். கண்டி ஐயா அதை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

2025 செப்டம்பர் 27 அன்று பெண்கள் ரக்பி உலகக் கோப்பை இறுதி, லண்டனில் இங்கிலாந்து–கனடா. மைதானத்தில் 81,885 பேர், பெண்கள் ரக்பிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. காக்கா அன்றைக்குத் திரையைக் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே என் மகளும் தெருப் பெண்பிள்ளைகளும், வெளியே நாங்கள், எல்லோருக்கும் ஒரே டிவி. இங்கிலாந்து 33–13. கனடாவின் பிடிகள் இடுப்புக்கு மேலேயே போகின்றன என்று என் மகள் இருபதாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் போனால் திரை மறுபடியும் தொங்குகிறது. "துவைக்கப் போட்டிருந்தேன் வாத்தியாரே" என்கிறார். நட்சத்திரம் திரும்ப வேண்டுமென்றால் திரை திரும்பக் கழல வேண்டும்.

மற்ற விவரங்கள். ஜிபே உண்டு, சிக்னல் போனால் சில்லறை வேண்டும். கார் நிறுத்த இடம் இருக்கிறது, மழைக்காலத்தில் டயர் இறங்கிவிடும். இணையத்தில் ஆட்டம் அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும். மச்சானுக்கு லெஸ்டரிலிருந்து வாட்ஸப்பில் ஸ்கோர் முன்னாலேயே வந்துவிடும். அவர் முகத்தைப் பார்க்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள். தூணுக்கு இடது பக்கம் நல்லது. சிலேட்டு விதி மச்சானுக்கு மட்டும் செல்லாது என்பதையும் குறையாகவே எழுதுகிறேன், வேல்ஸை அவர் ஏசாத ஏச்சில்லை, ஒரு நாளும் டீ நிற்கவில்லை.

2026இல் பிப்ரவரி 7 இரவு பத்து மணிக்கு மேல் லண்டனில் இங்கிலாந்து–வேல்ஸ், அடுத்த சனிக்கிழமை எடின்பரோவில் கல்கத்தா கோப்பை. முதல் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், முட்டை பரோட்டா வேண்டுமென்றால் இன்னும் சீக்கிரம். காக்கா இந்தத் தடவை பந்தயம் கிடையாது என்கிறார். மச்சான் இரண்டு அட்டை முட்டைக்கு ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார்.